பின்கதவைத் திறக்கவும்

காகிதம் சிக்கியுள்ளது, என்கிறது திரை.
பின்கதவைத் திறக்கவும்.
திறந்தேன். ஒன்றுமில்லை.
மூடினேன்.
காகிதம் சிக்கியுள்ளது.

உலான்பாத்தரில் இன்று காலை மைனஸ் முப்பத்தொன்று.
பதிவு அலுவலக ஜன்னலில் கரிப்புகை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்க்கிறது.
உள்ளே வெந்நீர்க் குழாய்கள் காற்றை வறுக்கின்றன.
இந்த வறட்சியில் தாளைத் தாள் விடாது,
இரண்டு மூன்றாய்க் கட்டிக்கொண்டு உருளைக்குள் போகும்.
அதுவாக இருக்குமோ என்று
கட்டை வெளியே எடுத்து, விசிறி, தட்டி, நேராக்கி வைத்தேன்.
விரல் நுனியில் ஒரு பொறி சுளீரென்றது.
காகிதம் சிக்கியுள்ளது.

"அணைத்துப் போடு" என்றார் தலைவர் தாஷ்செவெக்,
தன் அறையிலிருந்து, எழுந்திராமல்.
சம்பளம் தாமதம் என்று போன மாதம் கேட்டபோதும்
ஏறக்குறைய இதையேதான் சொன்னார்.
அணைத்தேன். முப்பது எண்ணினேன். போட்டேன்.
அது தொண்டையைச் செருமியது,
பல்சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தது,
யோசித்தது,
காகிதம் சிக்கியுள்ளது.

டோக்கன் நாற்பத்தொன்று அசையாமல் உட்கார்ந்திருந்தார்.
செவீன். தெற்கு எல்லைக்கு நிலக்கரி லாரி ஓட்டுபவர்.
முழங்காலில் நரித்தோல் தொப்பி. அதில் பனி உருகிச் சொட்டுகிறது.
மகனுக்குப் பிறப்புச் சான்றிதழ்.
பெயர் நெர்குய், என்று எழுதியிருந்தார்,
பெயரில்லை என்று அர்த்தம்.
நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்:
"முன்னால் இரண்டு. தங்கவில்லை.
தேடி வருவது வாசலில் நின்று யார் இருக்கிறார்கள் என்று கேட்டால்
பெயரில்லை என்று பதில் வரட்டும்."
பிறகு பிரிண்டரைப் பார்த்தார்.
"இது உங்களுக்குத் தலைகீழாகச் சொல்கிறதாக்கும்.
இல்லாததை இருக்கிறது என்கிறது."

டோனரை உருவி எடுத்தேன்.
வெளிச்சம் படக்கூடாது என்று ஸ்கார்ஃபால் மூடி வைத்தேன்,
உறங்குகிற எதையோ மூடுவது போல.
சூட்டுருளை ஆறக் கால் மணி நேரம்.
அதற்குள் உப்புத் தேநீரில் பால் ஆடை கட்டியது.
கைபேசி விளக்கை வாயில் கவ்விக்கொண்டு தலையை உள்ளே விட்டேன்.
டோனர் தூசியின் மணம், சூடான இரும்பின் மணம்.

அங்கே ஒரு கறுப்பு நாக்கு.
பிளாஸ்டிக். நகத்தளவு.
தாள் வந்தால் நிமிரும், போனால் படுக்கும்.
அதன் வேலை அவ்வளவுதான்.
அது நிமிர்ந்தே நின்றது.
அடியில் ஒரு கிழிசல், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது.

"உன் புருவக் கிடுக்கி வேண்டும்" என்றேன்.
தொல்கோர்மா முகம் சுளித்தாள், கொடுத்தாள்.
"துடைத்துத் தா."

மூன்றாவது முயற்சியில் வந்தது.
நேற்றைய யாரோ ஒருவரின் பெயரின் வால்,
மூன்றே எழுத்து: பிஷ்.
அல்ல.
எனெபிஷ்ஷாக இருக்கலாம், இதுவல்ல.
ஹூன்பிஷ்ஷாக இருக்கலாம், மனிதனல்ல.
அவர்கள் வீட்டிலும் யாரோ பயந்திருக்கிறார்கள்.
ராத்திரி முழுக்க இந்த இயந்திரம்
ஓர் 'அல்ல'வைத் தொண்டையில் வைத்துக்கொண்டு
இருக்கிறது இருக்கிறது என்று கத்தியிருக்கிறது.
பொய் சொன்னது அதுவல்ல.
திறந்து பார்த்து ஒன்றுமில்லை என்றவள் நான்.

நாக்கு படுத்தது.
தயார், என்றது திரை, நடந்தது எதுவும் தெரியாதது போல.

சான்றிதழ் வெளியே வந்தது, ஓரத்தில் ஒரு சாம்பல் கோடு.
"வேறொன்று எடுத்துத் தரட்டுமா?"
வேண்டாம் என்று தலையசைத்தார்.
வாசித்துச் சரிபாருங்கள் என்று சொல்வதற்குள்
தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.
"சூடாக இருக்கிறது" என்றார்,
மேலங்கிக்குள், சட்டைக்கும் உள்ளே வைத்துக்கொண்டு
பொத்தானை மேலிருந்து கீழாகப் போட்டார்.

நாற்பத்திரண்டு, என்று கூப்பிட்டேன்.
டோனர் குறைவு, என்றது திரை.