ஏழாம் பாட்டில் ஒரு கிரீச்

டயர் செய்து ஓய்ந்த ஊர் ஆக்ரன்.
பிப்ரவரி. பனி, பனிமேல் உப்பு,
உப்பின் மேல் மறுபடி பனி.
மூடிப்போன பல் ஆஸ்பத்திரியின் நிலவறையில்
ட்ரம்ஸைப் பூட்டி முடிக்க
எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.
பிரித்துவிடு என்று சொல்ல
லென் ஸ்குபிக்குக்கு
அரை மூச்சுகூட ஆகவில்லை.

ஒரு காலத்தில்
மைதானம் அதிரக் கிடார் வாசித்தவன்.
இப்போது ஒரு காது செத்துவிட்டது.
மிச்சமிருக்கும் காதை
அவள் பக்கம் திருப்பியே உட்காருவான்,
அடுப்புப் பக்கம் கையைக் காட்டுவதுபோல.

அவள் லடோனியா க்ரிம்ஸ்.
நகரப் பேருந்து ஓட்டுகிறவள்.
ட்ரிப் ஷீட்டுகளின் பின்புறமெல்லாம்
அவள் வரிகள்,
சிவப்பு விளக்குகளில் எழுதியவை;
பச்சை விழுந்த இடத்தில்
பாதியில் நிற்பவை.

"ட்ரம்ஸையும் எடுத்துட்டா
நான் எதுமேல நிக்கிறது?"
"தெரியல" என்றான் லென்.
தெரியல என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிற மனிதனை
அன்றுதான் பார்த்தேன்.

மூன்று நாள் சண்டை.
எர்த் இல்லாத ஒயரின் ரீங்காரம் வேண்டும் என்பான்.
ஃப்ரிட்ஜ் ஓடி நிற்கையில் விக்குமே, அது வேண்டும் என்பான்.
டாக்டர் விட்டுப்போன பல் துளைக்கும் கருவியைச் சுழலவிட்டு
கண்ணை மூடிக் கேட்பான்.
நான் கன்னத்தைப் பிடித்துக்கொள்வேன்.
அவன் கிடார் மட்டும்
மூலையில், உறைக்குள்.

"எங்க தாளத்தைப் பிடுங்கிப் போட்டாத்தான்
உங்க ஆளுங்களுக்குப் புதுமையா?"
அவள் கேட்டபோது
ஷைலோ பாப்டிஸ்ட் சபையில்
பதினெட்டு வருஷ ஞாயிறுகள் வாசித்த
என் கை இரண்டும் ஆமென் என்றன.
லென் வாயைத் திறக்கவில்லை.
மேலே போனான்.
அவள் காரைச் சுற்றியிருந்த பனியை
வழித்துக் கொட்டும் சத்தம்
வெகுநேரம் கேட்டது.
திரும்பி வந்து
அதையும் பதிவு செய்திருக்கலாம் என்றான்.
அவள் சிரித்துத் தொலைத்தாள்.

நான்காம் நாள் மின்கம்பி பனியில் அறுந்தது.
ரீங்காரம் போயிற்று, ஃப்ரிட்ஜ் போயிற்று,
நாங்கள் மூவரும் இருந்தோம்,
பேட்டரியில் ஓடும் அவளுடைய கேசட் ரெக்கார்டரும்.

இருட்டில் தொடங்கினாள்.
ஒன்றாம் நம்பர் பஸ், கடைசி நடை.
இறங்க வீடில்லாமல் பின் சீட்டில் உறங்குகிறவன்.
எழுப்பிவிடு என்கிறது விதி.
அவள் கண்ணாடியைச் சற்றே மேல்நோக்கித் திருப்பிவிட்டு
மறுபடி முதல் நிறுத்தத்திலிருந்து
ஊரைச் சுற்றுகிறாள்.
கதவு திறக்கும் மூச்சு.
கதவு மூடும் மூச்சு.
யாரும் ஏறவில்லை.

நான்காவது தட்டு விழவேண்டிய இடம் வந்தது.
என் கைகள் மடியில் இருந்தன.
கண்ணிமைப்பில் பாதி நேரம்,
முன்னே சாய்ந்துவிட்டேன் போலிருக்கிறது,
நாற்காலி
கிரீச்
என்றது.

செத்தேன் என்று நினைத்தேன்.
அவள் நின்றாள்.
கேட்டாள்.
அடுத்த வரியைக் கொண்டுவந்து
சரியாக அதன்மேல் வைத்தாள்.

அப்புறம் நாலு நிமிடம்
நான் மூச்சு விட்டதாக நினைவில்லை.

நியூயார்க்கிலிருந்து கம்பெனிக்காரன் போன் செய்தான்:
கேட்டேன், நன்றாயிருக்கிறது,
பாட்டெல்லாம் எப்போது வரும்?
ஆகவே நானூறு பிரதி, சொந்தச் செலவில்.
இருநூறு இன்னும் அவள் கார் டிக்கியில்
ஸ்டெப்னியின் மேல் கிடக்கிறது.

அட்டையில் 'நாற்காலி: ஆர்லின் டக்வெல்'
என்று போடச் சொன்னான் லென்.
'ட்ரம்ஸ்' என்றுதான் போடுவேன் என்றாள் அவள்.
அதற்கு இரண்டு நாள் சண்டை.
அவள் ஜெயித்தாள்.
நூற்றைம்பது டாலரும் கொடுத்தார்கள்.

வீட்டில் போட்டுக் காட்டினேன்.
பாத்திரத்தைத் துடைத்தபடி நின்றாள் வில்மா.
"இதுல நீ எங்க?"
இரு, என்றேன்.
இரு.
இன்னும் கொஞ்சம்.
இதோ.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள்.
"எண்ணெய் விட்டிருக்கலாம்ல?"