அளந்து போட்ட ஆறு

பள்ளிக்கூடத்து உணவறையில் கூட்டம்.
ஏழு வயதுக்குச் செய்த நாற்காலிகளில்
முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.
திரையில் பாலம் வந்தது.
அதன்மேல் முகமில்லாத ஆட்கள்,
முகமில்லாத ஒரு நாய்,
பின்லாந்தில் என்றைக்கும் அடித்திராத வெயில்.

எங்கள் தெரு முடியும் இடத்தில்
வியேனோவின் சவுனா இருக்கிறது.
படத்தில் அங்கே புல்.
"என் குளியல் குடிலை யார் தின்றது?" என்று கேட்டாள்.
யாரோ சிரித்தார்கள். பொறியாளர் சிரிக்கவில்லை.
கணினி தானாகப் போட்டது என்றார்.

அக்கரையில் முந்நூற்று நாற்பது வீடுகள்.
நாளொன்றுக்கு இரண்டாயிரத்து நூறு கார்கள்.
"அந்த நூறு எப்படி வந்தது?" என்றார் ஆஹ்தி,
முப்பது வருடம் தபால் வண்டி ஓட்டியவர்,
குரைக்கும் நாயை வைத்தே வீட்டு எண் சொல்பவர்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும், சரி.
இவர்கள் ஆற்றையே அளந்து போடுகிறார்கள்.

மனு என் கையில்தான் இருந்தது.
வீடு வீடாக, காலணி கழற்றி, காப்பி குடித்து
நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.
ஒருவர் கோபத்தில் இரண்டு தடவை போட்டார்.
மகளிடம் மட்டும் நீட்டவில்லை.
அக்கரையில் மூன்றாம் மாடி,
ஆற்றைப் பார்த்த பால்கனி,
வென்லா முன்பணம் கட்டிவிட்டாள்.
"ஜன்னலில் நின்று கையாட்டினால் தெரியும், அம்மா."
தெரியும்.
சுற்றிக்கொண்டு போனால் பதினோரு கிலோமீட்டர்.

ஜனவரியில் ஆறு உறைகிறது.
அதற்கு யாரும் வரைபடம் போடுவதில்லை.
எதிர்ப்புக் குழு மொத்தமும்
சறுக்குக் கட்டைகளோடு, மீனுக்குத் துளையிடும் துரப்பணத்தோடு
அக்கரைக்குப் போய்வருகிறது.
வியேனோ தன் விறகை அங்கிருந்துதான்
இழுத்து வருகிறாள், மூச்சிரைக்க, ஏசிக்கொண்டே.

கூட்டம் முடிந்த இரவு
நடு ஆற்றில் போய் நின்றேன்.
அடியில் பனி ஒருமுறை முனகியது,
பெரிய கதவொன்றை யாரோ
பூட்டாமல் சாத்துவதுபோல்.
அளவைக்காரர்கள் நட்ட குச்சி அங்கே இருந்தது,
இளஞ்சிவப்பு நாடாவோடு.
நேற்று அது எங்கள் கரையோரம் இருந்தது.
பெரிய காலடித் தடங்கள்
ஆஹ்தியின் வீட்டுப் பக்கம் திரும்பிப் போயிருந்தன.

நான் பிடுங்கவில்லை.
பழைய இடத்தில் நடவும் இல்லை.
நாடா அவிழ்ந்து தொங்கியது;
கையுறையைக் கழற்றி
இறுக்கி முடிச்சுப் போட்டேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
ஏப்ரலில் எப்படியும் ஆறு அதை எடுத்துக்கொள்ளும்.
விரல் வெகுநேரம் மரத்திருந்தது.

மனுவின் கடைசிப் பக்கத்தில்
இன்னும் இரண்டு வரி காலி.