முழு வசனம்

மூச்சுவிட நேரமில்லை என்று
இருபத்தாறு வருடம் சொல்லித் திரிந்தவன் நான்.
பகலில் தளபாடத் தொழிற்சாலையில் வார்னிஷ் துப்பாக்கி,
இரவில் பேக்கரியில் மாப்புழுதி,
இடையில் கிடைத்த பத்து நிமிடத்துக்குச் சிகரெட்.
இப்போது இந்த வினிபெக்கில்
மூச்சுவிட மட்டும்தான் நேரமிருக்கிறது.

புவனலோசனி என்பது நீளமான பெயர்.
கலியாணம் முடித்த புதிதில் தெரியவில்லை.
இப்போது கூப்பிட்டால்
புவன,
லோசனி.
நடுவில் ஒரு கால்புள்ளி.
மூச்சுக்கு முந்நூறு தரம் மனைவியின் பெயர் சொல்கிறவர்கள்
எந்தக் கடையில் வாங்கிய நுரையீரலோ.

கிளினிக்கில் மரிசெல் என்றொரு தாதி.
பம்பை எடுத்து அடித்துக் காட்டச் சொன்னாள்.
காட்டினேன்.
சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஐந்து வருடமாய் நான்
நாக்குக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்.
ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டித் தந்தாள்,
மெதுவாக இழுங்கள், பத்துவரை பிடியுங்கள்.
கடைசிச் சிகரெட் எப்போது?
செப்டம்பர், என்றேன்.
நவம்பர்.

பூவை முகர்ந்து மெழுகுதிரியை ஊது என்பது அவள் பாடம்.
வீட்டுக்கு வந்து அதை என் வசதிக்கு மாற்றினேன்:
மூக்கால் தேயிலை மணம் பிடி,
உதட்டைக் குவித்துத் தேத்தண்ணியை ஊதி ஆற்று.
உள்ளே இரண்டு. வெளியே நாலு.
குப்பைத் தொட்டிக்கு நாற்பத்தொரு அடி,
பதினாறில் நின்றால் கௌரவக் குறைச்சல் இல்லை.
காரின் கண்ணாடியைத் துடைப்பதுபோல்
நின்றுகொள்வேன்.

பிரிட்ஜ் கதவில் ஒரு தாள்.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
பக்கத்தில் கோயில் கலண்டர்.
சளியின் நிறத்தை நான் எழுதும் கொப்பியையும்
அங்கேயே தொங்கவிட்டபோதுதான்
புவனலோசனி வாய் திறந்தாள்:
"சாப்பாட்டுச் சாமான் இருக்கிற இடம், தெரியுமோ?"
கொப்பி குளியலறைக்குப் போனது.
தாள் மட்டும் நின்றது.
கஞ்சி நிறம், கஞ்சி நிறம், கஞ்சி நிறம்
என்று தை மாதம் முழுக்க எழுதினேன்.
இவ்வளவு ஒழுங்காக
நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் எழுதியதில்லை.

மாசியில் ஓர் இரவு, வெளியே மைனஸ் முப்பத்துநாலு.
சுவர் நெரிந்து டக்கென்று வெடிக்கும் குளிர்.
சளி பருப்பு நிறத்துக்கு மாறி இரண்டு நாள்.
கட்டிலில் இருந்து குளியலறைக்கு ஒன்பது அடி,
ஐந்தாவதில் நின்றேன்.
போன மாரியில் இப்படி மூன்று முறை
அம்புலன்ஸ் வந்தது. விளக்கு சுழல,
அயலெல்லாம் யன்னலுக்கு வந்தது.

தாள் சொன்னது: மஞ்சள்.
அலமாரியில் பெட்டி. பெட்டிக்குள் குளிசை.
உடைக்க வேண்டியது நான்.

எனக்கு என்ன வேண்டும் என்பதை
எப்போதும் வேறு யாரோதான் முடிவு செய்தார்கள்.
விசா அதிகாரி, போர்மன், வங்கிக்காரன், டொக்டர்.
வரிசையில் நின்று பழகிய கை
பெட்டி மேல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.
பிழைத்துப் போனால்?
ஊது. நாலு.
சிவப்புக்கு உரியதை ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன்:
உதடு நீலம் இல்லை, நெஞ்சுநோ இல்லை,
குழப்பம், அது பிறவியிலேயே உண்டு.
மூன்று பத்துக்கு உடைத்தேன்.
கொப்பியில் மணியும் எழுதினேன்.

காலையில் நானே மரிசெலுக்கு அடித்தேன்.
எத்தனை தரம் பம்ப், எத்தனை குளிசை,
எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக,
"ஒரு முழு வசனம் பேச முடியுமா? பேசுங்கள் பார்ப்போம்."

என்னத்தைப் பேச?
"மாநகரசபைக்காரன் றோட்டுப் பனியெல்லாத்தையும் வழிச்சுக்
கொண்டுவந்து எங்கட வாசலிலதான் கொட்டிப்போட்டுப் போறான்."

அந்தப் பக்கம் சிரிப்பு.
"இன்னும் மஞ்சள்தான். நாளைக்கும் எடுங்கள்.
மூச்சு கூடினால் காத்திருக்க வேண்டாம்,
ஒன்பது ஒன்று ஒன்று."

பத்தாம் நாள் கஞ்சி நிறம் என்று எழுதினேன்.
குணம் என்று எழுதவில்லை;
அந்தச் சொல்லுக்குத் தாளில் கட்டம் இல்லை.

யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு
தேத்தண்ணிக்குக் கூப்பிடுகிறேன்.
புவன,
"என்ன?" என்கிறாள் அடுப்படியிலிருந்து,
கால்புள்ளியிலேயே.
மிச்சப் பெயர் எனக்கு மிச்சம்.