ஆகாசத்தில் இரண்டு இஞ்சு

மாடிச் சுவர் மேற்கே பார்த்து நிற்கிறது.
ஆறு இஞ்சு ஹாலோ பிளாக். வெளியே ஒரு கைப் பூச்சு.
அதோடு பேங்க் கடன் தீர்ந்துவிட்டது.
பகல் பூராவும் வெயிலை வாங்கி வாங்கி
உள்ளே அடுக்கி வைத்துக்கொண்டு
ராத்திரி ஒன்பது மணிக்குப்
பட்டுவாடா தொடங்கும்.

அணஞ்சி மூன்று மணிக்கு எழும்ப வேண்டும்.
நாகர்கோவில் முதல் நடை அவர் ஓட்டுவது.
கட்டிலை நடு அறைக்கு இழுத்தோம்.
ஈரத் துண்டைச் சுவரில் விரித்தோம்,
இஸ்திரி போட்டதுபோல் காய்ந்து
தானாகக் கீழே விழுந்தது.
"அம்பது உசுரு பின்னால இருக்கு, கண்ணு சொருகுது"
என்று ஒருநாள்
டிபன் பாக்ஸைப் பார்த்துச் சொன்னார்.

யோசனை சொல்லவா ஆள் இல்லை.
டைல்ஸ் ஒட்டச் சொன்னார் கொழுந்தன்,
அவர் டைல்ஸ் கடைக்காரர்.
இன்னொரு வரிசை கல் வைத்து
நடுவில் காற்றை நிறுத்தச் சொன்னார் எஞ்சினியர்,
பீம் தாங்குமா என்று கேட்டதும்
போனில் சிக்னல் போய்விட்டது.
கோயில்பிச்சை கொத்தனார்தான்
சுவரில் கை வைத்து, கையை உதறிக்கொண்டு சொன்னார்:
"உள்ள ஏசி போட்டாலும் கரண்டு பில்லுதான் குளுரும்.
வெளிய சட்டை போடணும் இதுக்கு."

மதுரையிலிருந்து லாரியில் வந்தது சட்டை.
இரண்டு இஞ்சு தெர்மோகோல் பலகை, முப்பத்தாறு.
ஆனி மாசம்.
பணகுடிக் காற்றைப் பற்றித் தெரியாதவர்கள்
காற்றாடி நட்டவனைக் கேட்டுக்கொள்ளலாம்.
கட்டை அவிழ்த்த நிமிஷம் மூன்று பலகைகள்
மொட்டைமாடியைவிட்டுக் கிளம்பின.
ஒன்று வாழைத்தோப்பில் கிடைத்தது.
ஒன்றை ஆடு கடித்திருந்தது.
மூன்றாவது போன திசை யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் ஞானப்பழம் டேப்போடு வந்தார்.
எங்கள் சுவருக்குக் கீழேதான் அவர் வீடு,
ஆஸ்பெஸ்டாஸ் போட்டது, என் ஜன்னலுக்கு முழங்கால் உயரம்.
"சாரம் எங்க நிக்கும்? என் முத்தத்துல.
சுவரு எந்தப் பக்கம் வீங்கும்? என் பக்கம்."
"ரெண்டு இஞ்சுதானே அண்ணாச்சி, அதும் ஆகாசத்துல."
"ஆகாசத்துக்கும் பட்டா எம்பேர்லதான் இருக்கு."
நான்கு நாள் சாரக்கம்பு தெருவில் படுத்துக் கிடந்தது.
ஐந்தாம் நாள் அவரே வந்து ஒரு நிபந்தனை சொன்னார்:
வெள்ளை அடிக்கக் கூடாது.
அடித்தால் சாயங்கால வெயில் முழுக்கத் துள்ளி
அவர் வீட்டம்மா பாத்திரம் விளக்கும் இடத்தில் விழும்.
எனக்கு அது தோன்றவே இல்லை.
நான் வெள்ளைதான் வாங்கி வைத்திருந்தேன்.

பசை தடவி, பலகை பதித்து, குடைத்தலை ஆணி அறைந்து,
கண்ணாடி நார் வலையைக் கலவைக்குள் அமுக்கி,
மேலே சொரசொரப்பாக ஒரு பூச்சு.
அரிசி களைந்த தண்ணீர் நிறம். வெள்ளை டப்பாவை
பாதி விலைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டான் கடைக்காரன்.
இப்போது தட்டினால் பொக்கென்று கேட்கிறது.
"உள்ள ஆளு இல்லாத வீடு மாதிரி" என்கிறாள் பால்காரி.
இருக்கிறார், குறட்டை விட்டுக்கொண்டு,
சுவரில் முதுகை ஒட்டி.

சாரம் பிரித்த மறுநாள்
ஒரு தூக்கில் பாயசத்தோடு கீழே போனேன்.
உள்ளே கூப்பிட்டார்கள். குனிந்து நுழைந்து நிமிர்ந்தால்
கட்டிலுக்கு நேர் மேலே, ஆஸ்பெஸ்டாஸுக்கு அடியில்,
கயிறு கட்டி நிற்கிறது
மூன்றாவது பலகை.
மதுரைக் கம்பெனி முத்திரை தலைகீழாக.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
தூக்கை வாங்கி வைத்துவிட்டு,
"சாரக்குழி ரெண்டு இன்னும் மூடல, கேட்டியளா"
என்றார்.
நாளைக்கே ஆள் அனுப்புகிறேன் என்றேன்.