ஆறு மாதத்துக்குள்

சஹார் சரக்கு முனையம், ஜூலை, இரவு பதினொன்று.
தகரக் கூரையில் மழை ஆணி அடித்துக்கொண்டிருந்தது.
மாலையில்தான் ஒருவன் வயிற்றிலிருந்து
நானூறு கிராம் பொன்பசை எடுத்திருந்தோம்.
தொண்டிக்காரன். கையெழுத்துப் போடும்போது
என் தமிழைக் கண்டுகொண்டு
ஒரு வாழைப்பழம் கேட்டான்.

அடுத்த பெட்டி லண்டனிலிருந்து.
கண்காட்சிக்கு வந்த இரவல்.
பன்னிரண்டு திருகாணி, நுரைப்பஞ்சு, உள்ளே
உள்ளங்கையளவு ஒரு பொன்வட்டு.
நடுவில் கூம்பிய மொட்டு. சுற்றிலும்
கதிரா இதழா என்று சொல்ல முடியாத வரிகள்.
எடை நூற்று நாற்பத்தொன்று.
கருவி சொன்ன மாற்று எண்பத்தாறு சதவீதம்,
மீதி வெள்ளி, துளி செம்பு.
தராசுக்கு அந்தப் பசையும் இதுவும் ஒன்றுதான்.

"பயன்?" என்றேன். படிவத்தில் அப்படி ஒரு கட்டம்.
பெட்டியோடு வந்தவள் அஜோவா ஃப்ரிம்பொமா,
பிறந்தது குமாசி, சம்பளம் லண்டனில்.
"அரசரின் உயிரைக் கழுவுகிறவன்
இதை நெஞ்சில் கட்டிக்கொள்வான்" என்றாள்.
விழா நாளில் அரசர் கையில் ஏறும் பொன்னுக்கு
அவர் கையே தாங்காதாம்.
ஒரு சிறுவன் தலையில் வைத்துக்கொண்டு நடப்பாராம்.

உயிர் கழுவ எங்கள் அட்டவணையில் எண் இல்லை.
'ஆபரணம்' என்று எழுதினேன்.
அவள் மறுக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை.

கையுறையோடு திருப்பினேன்.
கயிறு கோக்கும் துளை, விளிம்பு தேய்ந்து வழவழத்து.
எத்தனை நெஞ்சுகளின் வேர்வையோ.
அதன் ஓரத்தில் ஒரு நசுங்கல்.

இந்த நசுங்கல் எனக்குப் பழக்கம்.
பறித்த சங்கிலிகள் மேசைக்கு வரும்போது
கொக்கி இருந்த இடம்
இப்படித்தான் இருக்கும்.

"கிடைத்த விதம்?"
தாளைப் பார்த்துப் படித்தாள்:
"ஏலத்தில் வாங்கியது. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்கு."
"ஏலம் விட்டவருக்கு?"
"அவர்கள் படை."
பேனாவை மூடி, மறுபடி திறந்தேன்.
மழை எப்போது விட்டதென்று தெரியவில்லை.

கடைசியாகப் பிணைப்பத்திரம்.
நூறு முறை பார்க்காமல் கையெழுத்திட்ட வாசகத்தை
அவளுக்காக உரக்க வாசித்தேன்:
இப்பொருள் எங்கிருந்து வந்ததோ அங்கேயே
ஆறு மாதத்துக்குள் திருப்பி அனுப்பப்பட வேண்டும்,
தவறினால் தண்டம்.

இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.
வாசித்தேன்.
"நகல் ஒன்று கிடைக்குமா?"

இயந்திரம் சூடாக நேரம் பிடித்தது.
இரண்டாக எடுத்தேன்.