உம்மைத்தொகை

பொம் ரெச்சீரு, மூன்றாம் மாடி.
லிஃப்ட் பழுது. படிகளில்
நூல்துணுக்குகள் பூனைமயிர் போல ஒட்டிக் கிடக்கின்றன.
நீல அங்கி, கழுத்தில் அடையாள அட்டை,
ஜசீரா நாலாவது முறையாகத் தட்டுகிறாள்.
முந்தைய மூன்று முறையும்
உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின்கள்
ஒரே நொடியில் நின்றன.
ஆளில்லா வீடு என்று குறித்துவிடலாம்தான்.
ஆளில்லா வீட்டில்
இவ்வளவு கச்சிதமான மௌனத்தை யார் தைப்பது?

இன்று திறக்கிறது, சங்கிலியின் நீளத்துக்கு.
ஒரு கண். பாதி மூக்கு.
போலீஸ் இல்லை, என்கிறாள்,
கணக்கு மட்டும்.
கணக்கு என்றதும் கண் இன்னும் சுருங்குகிறது.
அவர்கள் அறிந்த கணக்கு
முதலாளியின் நோட்டில் இருக்கிறது:
பஸ் கட்டணம், கட்டில், சோறு,
ஒடிந்த ஊசி ஒன்றுக்கு இவ்வளவு.

ஜூலை கடைசி இரவு இங்கே எத்தனை பேர்?
நாலு, என்கிறான் ருஃபீனோ கொண்டோரி.
வாசலில் செருப்பு பதினோரு ஜோடி.
ஜசீரா செருப்பைப் பார்க்கிறாள்.
அவள் பார்ப்பதை அவன் பார்க்கிறான்.
ஆறு.
இரண்டு பேர் பகலில் தூங்குகிறவர்கள், அதே கட்டில்தான்.
நீங்கள் இரவு என்றுதானே கேட்டீர்கள்?

எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்று
அவள் கைக்கருவி கேட்கவில்லை.
குலுக்கலில் விழுந்த வீடுகளுக்கே அந்த நீண்ட வினாத்தாள்.
இந்த வீடு விழவில்லை.
ஆகவே ஒருரோவின் குளிரும்
கொரும்பா எல்லையில் விடியும்வரை நின்ற பஸ்ஸும்
எந்த அட்டவணையிலும் ஏறப்போவதில்லை.
பதிலாக,
கழிப்பறை உண்டா? குப்பை எங்கே போகிறது?
உங்கள் நிறம்: வெள்ளை, கறுப்பு, மஞ்சள், பழுப்பு, பழங்குடி?

வில்மா முழங்கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறாள்,
துணி தேர்கிறவள் போல.
காக்கி இல்லையா?
திரைக்குப் பின்னால் யாரோ சிரித்துவிடுகிறார்கள்.
சிரிப்பில் இரண்டு தலைகள் அகப்படுகின்றன.
எட்டு.

அப்புறம்தான் அழுகை கேட்கிறது.
பட்டன் பெட்டிகளுக்கு நடுவே, அட்டைப்பெட்டியில்,
நைரா. ஆகஸ்ட் மூன்றாம் தேதி,
நகராட்சி ஆஸ்பத்திரியில் பிறந்தவள்.
அந்த வீட்டில் பிறப்பாலேயே
இந்த நாட்டுக் குடிமகள் அவள் ஒருத்திதான்.
மூன்று நாள் பிந்திவிட்டாள்.
அவளை மட்டும் எண்ண முடியாது.

கருவியை ஒப்படைக்க வந்த அன்று
ஜசீரா இதையெல்லாம் சொன்னாள், காப்பி ஆறும்வரை.
நான் அந்த மாடியைப் பார்த்ததில்லை.
என் வேலை கோடு.
அயலில் பிறந்தோர், ஆண்டுவாரியாக:
பல பத்தாண்டுகளாகச் சரிந்து சரிந்து
தரை தொடப்போன நேரத்தில்
மூக்கை நிமிர்த்தும் ஒரு கோடு.
எங்கே வளைகிறது, எத்தனை பாகை,
மேலதிகாரிக்கு வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.
அந்தக் கோட்டின் மையில் நானும் ஒரு புள்ளி;
நிறப் பெட்டியில் என்ன எழுதினேன் என்பது
எனக்கே மறந்துவிட்டது.

பள்ளியில் தொகை என்றால்
கூட்டி வருவது அல்ல, மறைந்து நிற்பது.
இரவுபகல் என்று சொன்னால்
இரண்டு உம்-மும் உள்ளேதான் இருக்கும்,
மூச்சுக் காட்டாமல்,
கதவு தட்டியதும் நிற்கும் மெஷின் மாதிரி.
தாய்சேய். அதிலும் அப்படித்தான்.
மக்கள்தொகைக்கு
ஆசிரியர் என்ன விரித்தார் என்று நினைவில்லை.

அவளுடைய வீட்டுக்கு யாராவது வந்தார்களா
என்று கேட்டேன்.
இன்னும் இல்லை என்றாள்; தட்டியிருப்பார்கள்,
நான் இவர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

காப்பியின் கடைசி வாய் குடித்துவிட்டுத்தான்
இதையும் சொன்னாள்.
அன்று அவள் படியிறங்கும்போது
மேலே மெஷின்கள் ஒவ்வொன்றாய்த் தொடங்கினவாம்.
முதல் மாடித் திருப்பத்தில் நின்று எண்ணினாளாம்.
பன்னிரண்டு.
தூறல் விழுந்துகொண்டிருந்தது,
திரும்ப ஏறவில்லை.