ப.47

எட்டாயிரம் சொற்களுக்கு மேல் கூடாது.
சுருக்கம் நூற்றைம்பது. திறவுச்சொற்கள் ஐந்து.
கட்டுரையின் எந்தப் பக்கத்திலும்
ஆசிரியர் பெயர் தென்படக் கூடாது.
கோப்புக்குள் ஒளிந்திருக்கும் பெயரையும்
தேடித் துடைத்துவிட்டு அனுப்பவும்.

துடைத்தேன்.
அபிஷேகப்பட்டி விடுதியில்
சுற்றுக்கு ஒருதரம் முனகும் மின்விசிறியின் கீழ்.
முக்கூடலிலும் சுற்றுவட்டாரத்திலும்
பீடி சுற்றும் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களின் பெயர்களை
அதற்கு முன்பே துடைத்தாகிவிட்டது.
ப.1, ப.2, ப.3
என்று இறங்குகிறது நிரல்.

ஐந்து மாதம் கழித்துக் கடிதம் வந்தது.
முதல் மதிப்பீட்டாளருக்குக் காற்புள்ளிகள்தான் குறை.
இரண்டாமவர் எழுதியிருந்தார்:
“அட்டவணை நான்கு. ப.47.
நாளைக்கு எண்ணூறு பீடி, கூலி பூச்சியம்.
பதிவுப் பிழையாக இருக்கலாம்.
விலகிய புள்ளி. நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிடுக.”

பிழை இல்லை ஐயா. அல்லது அம்மா,
உங்கள் பெயரும் எனக்குத் தெரியாதே.
ப.47 பிரமசக்தி.
மடியில் சுளவு, சுளவில் தூள்,
இலையின் நரம்பு பார்த்து வளையும் கத்திரி.
சாரல் பிடித்துவிட்டால் தூள் நமத்துவிடும் என்று
மேற்கே ஒரு கண்.
பாஸ்புக் நாத்தனார் பேரில்.
கட்டு ஏறுவது அவள் பேரில்,
வைப்புநிதி அவள் பேரில்,
கழித்துப் போட்ட பீடிக்குக் கடையில் விழும் ஏச்சு மட்டும்
இவளுக்கு.
“எம்பேர்ல ஒண்ணும் கிடையாதுல்லா,
சைபர்னே போட்டுக்கிடுங்க.”
போட்டுக்கொண்டேன்.

எல்லாரும் சுற்றிக்கொண்டேதான் பதில் சொன்னார்கள்.
பிரமசக்தி மட்டும்
கத்திரியைக் கீழே வைத்துவிட்டு
கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு
தகப்பன் பேர், பிறந்த வருசம், ஆதார் எண் என்று
நான் கேட்காததையும் சொன்னாள்.

ஒரு வினாப்பட்டியலுக்கு நாற்பது நிமிடம்.
நாற்பது நிமிடத்தில் எழுபது பீடி சுற்றலாம்.
அவளுடைய எழுபது யார் கணக்கில் குறைந்தது
என்பதற்கு என்னிடம் நிரல் இல்லை.
‘நலன்முரண் உண்டா’ என்ற கட்டத்தில்
‘இல்லை’ என்று ஆனி மாதமே குறியிட்டுவிட்டேன்.

ஆசிரியர் வரிசையை மாற்ற
பக்கத்தில் இரண்டு அம்புக்குறிகள், ஏற்றவும் இறக்கவும்.
முதலில் நெறியாளர்.
அடுத்துத் துறைத்தலைவர்,
முக்கூடலைப் பேருந்துச் சன்னலில் பார்த்திருப்பார்.
மூன்றாவது நான்.
“முறை அதுதானே, ஆவுடைச்செல்வி” என்ற நெறியாளர்
கெட்டவரல்லர்; தேநீருக்கு எப்போதும் அவர்தான் காசு கொடுப்பார்.
அம்புக்குறியின் மேல் சற்று நேரம்
விரலை வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டேன்.

நாலாயிரத்தைந்நூறு கட்டினால்
மூன்றே நாளில் அச்சேற்றும் இதழ்களும் இருக்கின்றன.
பக்கத்து அறைக்காரி அப்படித்தான் இரண்டு போட்டாள்.
அங்கே நாற்பத்தேழாம் வரிசைவரை
யாரும் இறங்கி வர மாட்டார்கள்.
இரண்டாமவரே, நீங்கள் வந்தீர்கள்.
உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

மறுமொழி எழுதினேன்:
மேலான கருத்துக்கு நன்றி.
ப.47 நீக்கப்படவில்லை.
அடிக்குறிப்பு ஒன்பது சேர்க்கப்பட்டுள்ளது.

நிலை: பரிசீலனையில்.
காலையில் பார்த்தேன், பரிசீலனையில்.
பல் தேய்க்காமல் பார்த்தேன்.

நேற்று ஆலங்குளம் வண்டி பேட்டை தாண்டும்போது
தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.
“டீச்சர், நாந்தான், முக்கூடல்.
எல்லாம் எழுதிட்டுப் போனியள்லா,
எம்பேர்ல பாஸ்புக்கு வந்துட்டா?”

வண்டி இரைச்சலில் கேட்கவில்லை என்று
இன்னொரு முறை சொல்லவைத்தேன்.